தமிழ்ச் செயலியில் ரிச் டெக்ஸ்ட்: ஸ்பேன் போடுவது முதல் சேமிப்பது வரை

ஆண்ட்ராய்டில் ஒரு குறிப்பேடு செயலி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பயன்படுத்துபவர் ஒரு சொல்லை போல்ட் ஆக்க வேண்டும். பிடித்த வரிக்கு மஞ்சள் பூச வேண்டும். தேடினால், கிடைத்த இடம் நிறம் மாறித் தெரிய வேண்டும். கேட்க எளிதான வேலைதான். ஆங்கிலத்தில் வைத்துச் சோதித்தால் அரை நாளில் முடிந்தும் விடும். அதே செயலியில் தமிழைத் தட்டும்போதுதான் எழுத்துகள் உடைகின்றன. ‘யி’ என்ற எழுத்தில் ‘ய’ ஒரு பக்கம் நிற்கும், கொக்கி மட்டும் புள்ளிவட்டத்தோடு தனியாக மறுபக்கம் தொங்கும்.

இந்த உடைசலை நான் முதலில் எழுத்துருவின் கோளாறு என்று நினைத்தேன். எழுத்துருவை மாற்றிப் பார்த்து இரண்டு நாள் போனது. கோளாறு எண்ணிக்கையில் இருந்தது. ரிச் டெக்ஸ்ட் (போல்ட், நிறம் போன்ற வடிவம் ஏறிய எழுத்து) பற்றிய பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலச் சொற்களை வைத்தே எழுதப்பட்டிருப்பதால் இந்த இடத்தை யாரும் தொடுவதில்லை. அதனால் இந்த வழிகாட்டியை அடியிலிருந்து தமிழை வைத்தே எழுதுகிறேன். கோட்லினும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் உங்களுக்குப் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

ரிச் டெக்ஸ்ட் என்றதும் எழுத்துகளுக்கு நடுவே குறிகள் கலந்து கிடக்கும் என்று தோன்றும். எச்டிஎம்எல் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் சொல்லின் இருபுறமும் நட்சத்திரக் குறி போட்டால் போல்ட் ஆவதும் அப்படித்தான். ஆண்ட்ராய்டின் முறை வேறு. எழுத்துச்சரம் எந்தக் குறியும் இல்லாமல் சுத்தமாகத் தனியே இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும்: ‘இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை போல்ட்’, ‘அந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை மஞ்சள்’. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு ஸ்பேன்.

பட்டியல் தனியாக இருப்பதில் பெரிய வசதி உண்டு. ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி நிற்கும் வடிவங்களையும் வைக்க முடியும். 0 முதல் 10 வரை போல்ட், 5 முதல் 15 வரை அடிக்கோடு என்றால் இரண்டு ஸ்பேன்கள், அவ்வளவுதான். எச்டிஎம்எல்லில் இதையே எழுத வேண்டுமானால் ஒரு குறியை நடுவில் மூடி, மறுபடி திறக்க வேண்டும்.

தொல்லையும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது. எல்லாமே எண்ணை நம்பி நிற்கிறது. எண் ஒன்று தவறினால் வடிவம் வேறு எழுத்தின் மேல் போய் உட்காரும்.

எண்ணுவது எப்படி

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: ‘கொடியில் மல்லிகை பூத்தது’. இதில் ‘மல்லிகை’யை மட்டும் போல்ட் ஆக்க வேண்டும். நாம் பள்ளியில் படித்தபடி எண்ணினால் கொ, டி, யி, ல் என்று நான்கு எழுத்து, அப்புறம் ஓர் இடைவெளி. எண்ணிக்கை 0-வில் தொடங்குவதால் ‘மல்லிகை’ 5-இல் ஆரம்பிக்கும். ம, ல், லி, கை என்று நான்கு எழுத்து, எனவே 9-இல் முடியும். 5 முதல் 9 வரை என்று கொடுத்துவிடுகிறோம்.

கணினியின் எண்ணிக்கை அதுவல்ல. ஜாவாவும் கோட்லினும் எழுத்துச்சரத்தை யுடிஎஃப்-16 என்ற குறியீட்டு முறையின் அலகுகளாக வைத்திருக்கின்றன. யூனிகோடில் ‘க’, ‘ம’ போன்ற அகர வரிசை தவிர்த்த தமிழ் உயிர்மெய் ஒரே குறி அல்ல. மெய்யின் உடல் ஒரு குறி, அதன்மேல் ஏறும் கொக்கியோ காலோ புள்ளியோ இன்னொரு குறி. ஆகவே ‘கொடியில்’ என்ற சொல்லுக்குள் இருப்பவை க, ொ, ட, ி, ய, ி, ல, ் என எட்டு அலகுகள். இடைவெளி 8-ஆவது இடத்தில். ‘மல்லிகை’ தொடங்குவது 9-இல், ஏழு அலகுகள் தாண்டி முடிவது 16-இல்.

நாம் கொடுத்த 5 முதல் 9 வரை என்ற வரம்பு எங்கே விழுந்தது என்று பாருங்கள். 4-ஆவது இடத்தில் ‘ய’, 5-ஆவது இடத்தில் அதன் கொக்கி ‘ி’. போல்ட் சரியாகக் கொக்கியில் தொடங்குகிறது. ஆண்ட்ராய்டு ‘ய’வைச் சாதாரண எழுத்துருவில் தனியாக வரைகிறது. கொக்கியை போல்ட் எழுத்துருவில் தனியாக வரையப் போகிறது. கொக்கிக்கு ஏறி நிற்க உடல் இல்லாததால் புள்ளிவட்டம் ஒன்று முளைக்கிறது. என் இரண்டு நாளைத் தின்ற வட்டம் இதுதான்.

நிறம் மட்டும் மாற்றும் ஸ்பேனில் இந்தச் சேதம் அவ்வளவு பளிச்சென்று தெரியாமல் போகலாம். அதை நம்பாதீர்கள். ‘கொ’வை நினைத்துப் பாருங்கள். ‘ொ’ என்ற ஒரே குறி ‘க’வுக்கு இடப்பக்கம் கொம்பாகவும் வலப்பக்கம் காலாகவும் பிரிந்து நிற்கிறது, ஆனால் சரத்தில் ‘க’வுக்குப் பின்னால்தான் இருக்கிறது. ‘க’வுக்குச் சிவப்பு, ‘ொ’வுக்குக் கறுப்பு என்று கொடுத்தால் கண்ணுக்குக் கிடைப்பது எதுவாக இருந்தாலும் படிக்கத் தகுந்ததாக இருக்காது.

எனவே முதல் விதி: எண்ணை நீங்களே கையால் எழுதாதீர்கள். சொல்லைத் தேடி இடத்தைப் பெறுங்கள், அல்லது சேர்க்கச் சேர்க்கச் சரத்தின் நீளத்தைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது விதி: எப்படி வாங்கிய எண்ணாக இருந்தாலும் அது ஓர் எழுத்தின் நடுவில் விழவில்லை என்று உறுதிசெய்த பிறகே ஸ்பேன் போடுங்கள். உறுதிசெய்வது எப்படி என்பது தேடல் பகுதியில் வருகிறது.

படி 1: எந்த வகுப்பை எடுப்பது

மூன்று வகுப்புகள் இருக்கின்றன. ஸ்பேன்ட்ஸ்ட்ரிங்கில் எழுத்தையும் மாற்ற முடியாது, ஸ்பேனையும் மாற்ற முடியாது. ஸ்பேனபிள்ஸ்ட்ரிங்கில் எழுத்து நிலையானது, ஸ்பேன்களைப் போடலாம், எடுக்கலாம். ஸ்பேனபிள்ஸ்ட்ரிங்பில்டரில் இரண்டையும் மாற்றலாம். கடைசியாகச் சொன்னது ஸ்பேன்களை மரவடிவில் அடுக்கி வைப்பதால், ஸ்பேன்கள் பத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் எழுத்தை மாற்றாவிட்டாலும் அதையே எடுப்பது நல்லது.

காட்டுவதற்கு மட்டும் என்றால் கோட்லினின் கேடிஎக்ஸ் நூலகத்தில் உள்ள பில்ட்ஸ்பேன்ட்ஸ்ட்ரிங் போதும். அதற்குள் ‘போல்ட்’ என்ற தொகுதியைத் திறந்து உள்ளே சொல்லைச் சேர்த்தால், தொடக்கமும் முடிவும் தானாகக் கணக்கிடப்படும். ‘கொடியில் ’ சேர், போல்ட் தொகுதிக்குள் ‘மல்லிகை’ சேர், வெளியே ‘ பூத்தது’ சேர். எண் என்ற பேச்சே இல்லை. இந்த வழி கிடைக்கும் இடத்திலெல்லாம் இதையே எடுங்கள்.

படி 2: ஸ்பேன் போடுவது

செட்ஸ்பேன் என்ற செயலுக்கு நான்கு உள்ளீடுகள்: ஸ்பேன் பொருள், தொடக்கம், முடிவு, ஃபிளாக். தொடக்க இடம் வரம்புக்குள் சேரும், முடிவு இடம் சேராது. ‘மல்லிகை’க்கு 9, 16 என்று கொடுத்தால் 9 முதல் 15 வரையிலான அலகுகள் போல்ட் ஆகும்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒரே ஸ்பேன் பொருளை ஒரே சரத்தில் இரண்டு இடத்தில் போட முடியாது. ஒரு ஸ்டைல்ஸ்பேனை உருவாக்கி வைத்துக்கொண்டு, ஒரு சுற்றுக்குள் ஐந்து இடங்களுக்கு அதையே கொடுத்தால் கடைசி இடம் மட்டும்தான் போல்ட் ஆகியிருக்கும். ஒவ்வொரு முறையும் அந்தப் பொருள் பழைய இடத்தை விட்டுப் புது இடத்துக்கு நகர்கிறது, பிழைச்செய்தியும் வராது. ஒவ்வோர் இடத்துக்கும் புதுப் பொருள் உருவாக்க வேண்டும்.

ஃபிளாக் என்பது, ஸ்பேனின் ஓரத்தில் புது எழுத்து வந்தால் அது உள்ளே சேருமா வெளியே நிற்குமா என்று சொல்வது. காட்ட மட்டும் பயன்படும் டெக்ஸ்ட்வியூவில் எதைக் கொடுத்தாலும் வித்தியாசம் இல்லை. தட்டச்சு நடக்கும் எடிட்டெக்ஸ்டில்தான் இதற்கு உயிர் வருகிறது. போல்ட் சொல்லின் கடைசியில் தொடர்ந்து தட்டினால் அதுவும் போல்ட் ஆக வேண்டும் என்று பயனர் எதிர்பார்ப்பார். அதற்கு எக்ஸ்க்ளூசிவ்-இன்க்ளூசிவ் (முன் ஓரத்தில் வருவது சேராது, பின் ஓரத்தில் வருவது சேரும்). மஞ்சள் பூச்சு அப்படி நீளக்கூடாது, அதற்கு எக்ஸ்க்ளூசிவ்-எக்ஸ்க்ளூசிவ்.

தமிழில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல். ‘கல’ என்பதற்கு மஞ்சள் பூசியிருக்கிறது. பயனர் கர்சரை அதன் முடிவில் வைத்து ஐகாரக் கொம்பைத் தட்டி ‘கலை’ ஆக்குகிறார். எக்ஸ்க்ளூசிவ் முடிவு என்பதால் கொம்பு மஞ்சளுக்கு வெளியே நிற்கும். ‘ல’ உள்ளே, ‘ை’ வெளியே. ஆங்கிலத்தில் புது எழுத்து எப்போதும் தனி எழுத்து. தமிழில் அது முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளலாம். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், மாறிய இடத்தைத் தொடும் ஸ்பேன்களின் ஓரங்களை எழுத்து எல்லைக்கு இழுத்துவிட வேண்டும். ஃபிளாக் மட்டும் இதைத் தீர்க்காது.

பத்தி அளவில் வேலை செய்யும் ஸ்பேன்கள் தனி வகை. புல்லட்ஸ்பேன், குவோட்ஸ்பேன் போன்றவை பத்தியின் முதல் அலகில் தொடங்கி, பத்தி முடிவு வரை போக வேண்டும். நடுவில் தொடங்கினால் கண்டுகொள்ளாமல் விடப்படும்.

படி 3: தேடலில் நிறம் காட்டுவது

பயனர் ‘கட’ என்று தட்டுகிறார். குறிப்பில் ‘கடிதம்’ இருக்கிறது. ‘கடிதம்’ என்பதன் அலகுகள் க, ட, ி, த, ம, ். கோட்லினின் இன்டெக்ஸ்ஆஃப் 0-வில் பொருத்தம் கண்டுபிடிக்கும், முடிவு 2. அந்த 2 ‘டி’ என்ற எழுத்தின் நடுவில் இருக்கிறது.

பொருந்தவில்லை என்று இதைத் தள்ளிவிடலாமா? கூடாது என்பது என் கருத்து. ‘கடி’ என்று தட்ட நினைப்பவர் விசைப்பலகையில் ‘கட’ என்ற நிலையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த நொடியில் ‘கடிதம்’ பட்டியலிலிருந்து மறைந்து, அடுத்த நொடியில் திரும்பி வந்தால் திரை துள்ளும். பொருத்தத்தை ஏற்றுக்கொண்டு, நிறத்தை மட்டும் எழுத்து முடியும் இடம் வரை நீட்டுவதே சரி.

நீட்டுவதற்குக் கருவி, சரத்தில் எழுத்து எல்லைகளைக் கண்டுசொல்லும் பிரேக்இட்டரேட்டர். ஜாவாவிலேயே ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு 7.0 முதல் யூனிகோடு வேலைகளுக்கான ஐசியு நூலகத்தின் பிரேக்இட்டரேட்டரும் அமைப்போடு வருகிறது. அதன் எழுத்து வகையை எடுத்து, சரத்தைக் கொடுத்து, ‘இந்த இடம் எல்லையா’ என்று கேளுங்கள். 2 எல்லை அல்ல என்று பதில் வரும். ‘அடுத்த எல்லை எது’ என்று கேட்டால் 3 கிடைக்கும். 0 முதல் 3 வரை நிறம் போட்டால் ‘கடி’ முழுதாக நிறம் பெறும். தொடக்க எண்ணுக்கும் இதையே பின்பக்கமாகச் செய்யுங்கள்.

இரண்டு இடத்தில் இந்தக் கருவி நம் கண்ணோடு ஒத்துப்போகாது. ‘க்ஷ’வை அது ‘க்’, ‘ஷ’ என்று இரண்டாகவே எண்ணும். ‘ஸ்ரீ’யும் அப்படியே. யூனிகோடின் பொது விதிப்படி தமிழில் புள்ளிக்குப் பிறகு எல்லை உண்டு, அது ‘பக்கம்’ போன்ற சொற்களுக்குப் பொருத்தமானதும்கூட. ஆனால் ‘லக்ஷ்மி’ என்ற பெயரில் ‘லக்’ வரை நிறம் போட்டால் கூட்டெழுத்து பிளக்கும். இதற்கு நானே ஒரு சிறு சோதனை சேர்த்துக்கொள்கிறேன்: எல்லைக்கு முன்னால் ‘க்’கும் பின்னால் ‘ஷ’வும் இருந்தாலோ, முன்னால் ‘ஸ்’ அல்லது ‘ஶ்’ இருந்து பின்னால் ‘ரீ’ வந்தாலோ, இன்னும் ஓர் எல்லை தாண்டிப் போ. பத்து வரி கோட்.

இன்னொரு பொறி சேமிப்பிலேயே இருக்கும். ‘ொ’ என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், யூனிகோடும் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் அலகுக்கு அலகு ஒப்பிடும் தேடலுக்கு அவை வேறு வேறு. எங்கிருந்தோ ஒட்டிய குறிப்பில் ‘கொடி’ இரண்டு குறியாக இருந்தால், ‘கொடி’ என்று தேடினால் கிடைக்காது. ‘கெ’ என்று தேடினால் கிடைக்கும்! ‘ோ’வுக்கும் ‘ௌ’வுக்கும் இதே கதை. நார்மலைசர் வகுப்பைக் கொண்டு எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதும் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் ஒரே குறியாகிவிடும். இதைத் தேடும்போது செய்யாமல், குறிப்பைச் சேமிக்கும்போதே செய்யுங்கள். தேடும்போது மாற்றினால் சரத்தின் நீளம் மாறி, கிடைக்கும் எண்கள் திரையில் இருக்கும் பழைய சரத்துக்குப் பொருந்தாமல் போகும்.

நிறம் போடும்போது ஒரு சிறு கவனம். பின்னணிக்கு மஞ்சள் கொடுத்தால் எழுத்து நிறத்தையும் சேர்த்தே கொடுங்கள். இருள் பயன்முறையில் வெள்ளை எழுத்து மஞ்சளின் மேல் நின்றால் படிக்க முடியாது.

எழுத்துருவும் சாய்வும்

தமிழில் இட்டாலிக் வேண்டாம் என்பேன். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் தனியாக வரையப்படுவதில்லை. இல்லாத இடத்தில் ஆண்ட்ராய்டு நேர் எழுத்தைச் சாய்த்து வைத்துக் காட்டும். ‘ழ’, ‘ஜ’, ‘ணு’ போன்றவற்றின் வளைவுகள் சாய்ந்ததும் பக்கத்து எழுத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். அழுத்தம் காட்ட போல்ட் அல்லது நிறம் போதும்.

போல்ட்டிலும் இதே எச்சரிக்கை. சொந்தமாக ஓர் எழுத்துருவைச் செயலியோடு அனுப்புகிறீர்கள், அதன் போல்ட் கோப்பைச் சேர்க்கவில்லை என்றால் அமைப்பு தானே கோட்டைத் தடிப்பாக்கும். சிறிய அளவில் ‘இ’, ‘ஞ’, ‘ஐ’ போன்றவற்றின் உள்வெளிகள் அடைத்துக்கொள்ளும். போல்ட் கோப்பையும் சேர்த்து, எழுத்துருக் குடும்பமாக அறிவித்துவிடுங்கள்.

அளவு மாற்ற ரிலேடிவ்சைஸ்ஸ்பேன் எடுங்கள், அப்சல்யூட்சைஸ்ஸ்பேன் வேண்டாம். பார்வை குறைந்தவர்கள் போன் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பார்கள். முதல் வகை அதற்கேற்ப வளரும். இரண்டாவது வகை அவர்கள் வைத்ததை மதிக்காமல் தன் அளவிலேயே நிற்கும்.

படி 4: மொழிபெயர்க்கும் வரிகளில் வடிவம்

‘முருகனுக்கு 3 புதிய குறிப்புகள்’ என்று ஓர் அறிவிப்பு. இதில் எண்ணை போல்ட் ஆக்க வேண்டும். ஆங்கில வரியில் எண் முதலில் வரும், பெயர் கடைசியில் வரும். ‘முதல் சொல்லை போல்ட் ஆக்கு’ என்று கோடில் எழுதினால் தமிழில் பெயர் போல்ட் ஆகும். ஆகவே எது போல்ட் என்பதை மொழிபெயர்ப்பாளர் கையில் விட வேண்டும். ஸ்ட்ரிங்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பில் அனொடேஷன் என்ற குறி இதற்கென்றே இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அந்தந்த மொழி வரியில் உரிய சொல்லைச் சுற்றி அதைப் போடுவார். நீங்கள் கோடில் அனொடேஷன் வகை ஸ்பேன்களைத் தேடியெடுத்து, அவை இருக்கும் இடத்தில் உங்கள் ஸ்பேனைப் போடுவீர்கள்.

இங்கே இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். வரியை கெட்ஸ்ட்ரிங் கொண்டு எடுத்தால் வடிவமெல்லாம் உதிர்ந்து வெறும் எழுத்துதான் வரும். கெட்டெக்ஸ்ட் கொண்டு எடுக்க வேண்டும். இரண்டாவது, பெயரையும் எண்ணையும் உள்ளே நிரப்ப ஃபார்மட் செயலைக் கூப்பிட்டால் அதுவும் வடிவத்தை உதிர்க்கும். அதற்குப் பதிலாக டெக்ஸ்ட்யூட்டில்ஸ் வகுப்பில் எக்ஸ்பாண்ட்டெம்ப்ளேட் இருக்கிறது. வரியில் மேல்நோக்கிய கொக்கிக் குறியோடு 1, 2 என்று இடம் விட்டு வைத்தால், ஸ்பேன்கள் கலையாமல் நிரப்பித் தரும். ஒன்பது இடம் வரை தாங்கும்.

பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டும் இடத்தில் கோட் எதையும் சரிசெய்யாது. ‘^1-க்கு’ என்று எழுதினால் ‘முருகன்-க்கு’ என்று வரும். ‘^1: 3 புதிய குறிப்புகள்’ என்பதுபோல் பெயர் தனியே நிற்கும்படி வரியைத் திருப்பி எழுதிவிடுவது என் வழக்கம்.

படி 5: தொட்டால் திறக்கும் சொல்

கிளிக்கபிள்ஸ்பேன் போட்டால் மட்டும் போதாது. அந்த டெக்ஸ்ட்வியூவுக்கு லிங்க்மூவ்மென்ட்மெத்தட் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் சொல் நீலமாக, அடிக்கோட்டோடு அழகாகத் தெரியும், தொட்டால் ஒன்றும் நடக்காது. இணைப்பு ஒரே எழுத்தாகவோ மிகச் சிறிய சொல்லாகவோ இருக்க வேண்டாம், விரலுக்குச் சிக்காது. ‘இங்கே’ என்பதை இணைப்பாக வைப்பதைவிட ‘முழுக் குறிப்பையும் படிக்க’ என்று வைத்தால், திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் கேட்டுப் பயன்படுத்துபவருக்கும் இணைப்பு எங்கே போகிறது என்று புரியும்.

படி 6: எடிட்டெக்ஸ்டில் போல்ட் பொத்தான்

பார்க்க எளிதாக இருந்தாலும் அதிக நேரம் பிடிக்கும் பகுதி இது. பொத்தானை அழுத்தும்போது மூன்று நிலைகள் வரலாம்.

தேர்ந்தெடுத்த பகுதியில் எங்கும் போல்ட் இல்லை என்றால் நேராக ஒரு ஸ்பேன் போடுங்கள். பாதி போல்ட், பாதி இல்லை என்றால், அந்தப் பகுதியைத் தொடும் பழைய போல்ட் ஸ்பேன்களை எல்லாம் எடுத்துவிட்டு, பழையதும் புதியதும் சேர்ந்த முழு வரம்புக்கு ஒரே ஸ்பேன் போடுங்கள். எடுக்காமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால், ஒரு சொல்லுக்குப் பின்னால் நாற்பது ஸ்பேன்கள் குவிந்து கிடக்கும்.

மூன்றாவது நிலைதான் சிக்கலானது: முழுவதும் போல்ட், இப்போது எடுக்க வேண்டும். நம் வரியில் 9 முதல் 24 வரை, அதாவது ‘மல்லிகை பூத்தது’ முழுவதும் ஒரே போல்ட் ஸ்பேன். பயனர் ‘மல்லிகை’யை மட்டும் தேர்ந்து போல்ட்டை எடுக்கிறார். ஸ்பேனை அப்படியே நீக்கினால் ‘பூத்தது’ம் போல்ட் இழக்கும். எனவே நீக்கும் முன் அதன் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துக்கொள்ளுங்கள். நீக்கிய பின், தேர்வுக்கு முன்னால் மிச்சம் இருந்தால் அதற்கு ஒரு புது ஸ்பேன், பின்னால் மிச்சம் இருந்தால் அதற்கு ஒன்று. இங்கே முன்னால் மிச்சம் இல்லை. பின்னால் 16 முதல் 24 வரை மிச்சம், அதற்கு ஒன்று.

எதுவும் தேர்ந்தெடுக்காமல் கர்சர் மட்டும் நிற்கும்போது பொத்தான் அழுந்திய நிலையில் இருக்க வேண்டுமா என்று கெட்ஸ்பேன்ஸ் கொண்டு கேட்பீர்கள். தொடக்கமும் முடிவும் ஒரே எண்ணாகக் கொடுத்தால், அந்த இடத்தில் முடியும் ஸ்பேனையும் தொடங்கும் ஸ்பேனையும் சேர்த்தே தரும். தட்டினால் எது நீளுமோ அதைத்தான் பொத்தான் காட்ட வேண்டும். ஆகவே கர்சரில் தொடங்கும் ஸ்பேன்களைக் கழித்துவிடுங்கள்.

வடிவத்தை முழுதாகத் துடைக்க கிளியர்ஸ்பேன்ஸ் என்ற செயல் கண்ணில் படும். எடிட்டெக்ஸ்டில் அதைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். கர்சர் நிற்கும் இடம், தேர்வு, விசைப்பலகை தற்காலிகமாகக் கோடிட்டு வைத்திருக்கும் சொல், திரையைப் புதுப்பிக்கும் உள் கண்காணிப்பாளர்கள் எல்லாமே அந்தச் சரத்தில் ஸ்பேன்களாகத்தான் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து போய்விடும். உங்கள் வகை ஸ்பேன்களை மட்டும் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

தட்டத் தட்ட வடிவம் போட ஆஃப்டர்டெக்ஸ்ட்சேஞ்ட் என்ற இடத்தில் கோட் எழுதுவீர்கள். அங்கே செட்டெக்ஸ்ட் கொண்டு முழு எழுத்தையும் மாற்றாதீர்கள். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் விசைப்பலகையில் இது மிக மோசமாகத் தெரியும். அந்த விசைப்பலகைகள் சொல் முடியும்வரை அதைத் தற்காலிகமாக வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் பழையதை எடுத்துப் புதியதை வைத்துக்கொண்டே இருக்கும். இடையில் நீங்கள் முழு எழுத்தையும் மாற்றினால் விசைப்பலகைக்கும் பெட்டிக்கும் தொடர்பு அறுந்து, ‘அம்மா’ என்று தட்டினால் ‘அம்அம்மா’ என்பதுபோல் ஏதாவது வரும், கர்சர் முதலுக்கு ஓடும். கொடுக்கப்பட்ட எடிட்டபிள் பொருளின் மேலேயே ஸ்பேனைப் போடுங்கள். ஸ்பேன் போடுவது எழுத்து மாற்றமாகக் கணக்கில் வராது, அதனால் அதே இடம் மறுபடி மறுபடி கூப்பிடப்படும் பயம் இல்லை. கலை, கல என்று முன்பு சொன்ன ஓரம் சரிசெய்யும் வேலைக்கும் இதுதான் இடம்.

படி 7: சேமிப்பது

எச்டிஎம்எல்லாக மாற்றிச் சேமிக்க டூஎச்டிஎம்எல் இருக்கிறது, திரும்ப எடுக்க ஃப்ரம்எச்டிஎம்எல். நான் அதை விட்டுவிட்டேன். அதற்குத் தெரிந்த வடிவங்களை மட்டுமே எழுதும், நீங்களே உருவாக்கிய ஸ்பேன் காணாமல் போகும், ஒவ்வொரு முறை போய்வரும்போதும் பத்தி இடைவெளிகள் மாறும்.

எழுத்தைத் தனியாகவும், ஸ்பேன்களை ‘வகை, தொடக்கம், முடிவு’ என்ற பட்டியலாகவும் ஜேசான் வடிவில் சேமியுங்கள். உள்ளே இருப்பதும் அதுதான் என்பதால் எதுவும் இழக்காது. திறக்கும்போது பட்டியலைப் படித்து ஸ்பேன்களைப் போட்டால் முடிந்தது. போடும் முன் ஒவ்வோர் எண்ணும் சரத்தின் நீளத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு கெட்ட எண்ணால் குறிப்பு திறக்காமலே செயலி மூடிக்கொள்ளும்.

அந்தக் கோப்பில் இன்னொரு தகவலும் எழுதி வையுங்கள்: எண்கள் எந்த அலகில் என்று. கோட்லின், டார்ட், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் யுடிஎஃப்-16 அலகில் எண்ணும். ஸ்விஃப்ட்டின் ஸ்ட்ரிங் நாம் கண்ணால் எண்ணுவதுபோல் எண்ணும், ‘கொடி’க்கு 2 என்று சொல்லும். கோட்லின் 4 என்று சொல்லும். ஐஓஎஸ் பக்கம் என்எஸ்ரேஞ்ச் மட்டும் யுடிஎஃப்-16 கணக்கு, ஆகவே அங்கே என்எஸ்ரேஞ்சிலிருந்து ஸ்விஃப்ட் வரம்புக்கு மாற்றும் செயலைத் தாண்டித்தான் போக வேண்டும். பைத்தான் யூனிகோடு குறிகளை எண்ணும். தமிழ் எழுத்துக்குரிய ஒவ்வொரு குறியும் ஒரே அலகில் அடங்குவதால் பைத்தானும் கோட்லினும் ஒரே எண்ணையே தரும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பியிருக்கும்போது ஒருவர் குறிப்பில் ஒரு சிரிப்பு இமோஜி போடுவார். அது கோட்லினில் இரண்டு அலகு, பைத்தானில் ஒரு குறி. அதற்குப் பின்னால் உள்ள எல்லா வடிவமும் ஓர் இடம் நகர்ந்து, தமிழ் எழுத்துகளை நடுவில் வெட்டும்.

கம்போஸ் பயன்படுத்துபவர்களுக்கு

திரையைக் கோட்லினிலேயே எழுதும் ஆண்ட்ராய்டின் ஜெட்பேக் கம்போஸில் பெயர் அனொடேட்டட்ஸ்ட்ரிங். கருத்து அதேதான், எழுத்து தனி, வரம்புப் பட்டியல் தனி. ஆனால் உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது, மாற்றம் வேண்டுமானால் புதிதாகக் கட்ட வேண்டும். பில்ட்அனொடேட்டட்ஸ்ட்ரிங் உள்ளே வித்ஸ்டைல் தொகுதி திறந்து சொல்லைச் சேர்த்தால் எண்ணே தேவைப்படாது. இணைப்புக்கு லிங்க்அனொடேஷன் எடுங்கள், பழைய கிளிக்கபிள்டெக்ஸ்ட் கைவிடப்பட்டுவிட்டது. எண்ணும் அலகு யுடிஎஃப்-16தான், எனவே எழுத்து எல்லை பார்க்கும் உங்கள் செயலை அப்படியே இங்கும் பயன்படுத்தலாம். திருத்தும் பெட்டியில் மட்டும் வரம்புகளை நீங்களே தனியாக வைத்திருந்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நகர்த்திக்கொண்டு, காட்டும் நேரத்தில் மேலே பூசுவதுதான் எனக்கு நம்பகமாக இருந்தது.

வெளியிடும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டிய சொற்கள்

‘கடிதம்’ உள்ள குறிப்பில் ‘கட’ என்று தேடுங்கள். ‘மரம்’ உள்ள குறிப்பில் ‘மரம’ என்று தேடுங்கள், புள்ளியோடு சேர்ந்து நிறம் வர வேண்டும். ‘லக்ஷ்மி’யில் ‘லக்’, ‘ஸ்ரீதர்’ என்ற பெயரில் ‘ஸ்’. இரண்டு குறியாக எழுதிய ‘கொடி’ ஒன்றை ஒட்டி, சேமித்து, ‘கொடி’ என்று தேடுங்கள். ‘கல’வுக்கு மஞ்சள் பூசி, கடைசியில் கொம்பு தட்டி ‘கலை’ ஆக்குங்கள். இமோஜிக்குப் பின்னால் ஒரு போல்ட் சொல் வைத்து, சர்வருக்கு அனுப்பி, இன்னொரு போனில் திறங்கள். எழுத்து அளவை அமைப்பில் உச்சத்துக்கு ஏற்றி, ‘கீ’, ‘றீ’ போன்ற எழுத்துகளின் மேல்கொக்கி வரியின் மேல்விளிம்பில் வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள். வெட்டுப்பட்டால் டெக்ஸ்ட்வியூவின் இன்க்ளூட்ஃபான்ட்பேடிங் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், பிறகு வரி உயரத்தை எங்காவது கட்டாயமாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று.